அரை மில்லி நொடி ஆட்டம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் தனி மாவட்டமான இந்த மண்ணில் நெல், கரும்பு, மரவள்ளி என்று நிலத்துக்கு வேறு வேலை இருக்கிறது. கோல்ஃபை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர் சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும்; அல்லது ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. அதற்கும் முந்தையது கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப். 1829-இல் தொடங்கிய அந்த கிளப்தான் பிரிட்டன், அயர்லாந்து தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழையது. இவ்வளவு காலம் நம் நாட்டில் இருந்தும் கோல்ஃப் வசதி படைத்தவர்களின் ஆட்டமாகவே நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஆட்டத்தில் தேறுவதற்கான அறிவியலுக்கு ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டியதில்லை. பந்தில் அடி விழும் கணத்தில் நடப்பது இயற்பியல்; அதற்கு முந்தைய ஒரு நொடியில் நடப்பது நரம்பியல். இரண்டையும் இந்த மாவட்டத்தின் சின்னசேலத்து வீட்டு முற்றத்திலும் வெள்ளிமலைப் பள்ளிக்கூட மைதானத்திலும் சோதித்துப் பார்க்கலாம். இந்த ஆட்டத்தில் வலுவைக் கூட்டுவது கடைசி வேலை. பிழை எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

பந்துக்குத் தெரிந்தவை ஐந்தே

விதிப்படி ஒரு கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கோல்ஃப் ஸ்டிக்கின் தலை இந்தப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சுமாராக ஆடுகிற ஒருவர் நீண்ட தூரத்துக்கான ‘டிரைவர்’ ஸ்டிக்கால் அடித்தால் பந்து நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலாகக் கிளம்பும். அசையாமல் கிடந்த பந்து அரை மில்லி நொடியில் இந்த வேகத்தை எட்ட வேண்டுமென்றால், அதன் மீது சராசரியாக 500 கிலோ எடைக்கும் கூடுதலான விசை விழ வேண்டும்.

அந்த அரை மில்லி நொடியில் பந்துக்குப் போய்ச் சேரும் தகவல்கள் ஐந்துதான். ஸ்டிக்கின் தலை என்ன வேகத்தில் வந்தது, அதன் முகம் எந்தத் திசையைப் பார்த்தது, தலை எந்தப் பாதையில் நகர்ந்தது, முகம் மேல்நோக்கி எவ்வளவு சாய்ந்திருந்தது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது. ஆடுகிறவர் எப்படி நின்றார், முழங்கையை மடக்கினாரா நீட்டினாரா என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது. அவை இந்த ஐந்தில் ஒன்றை மாற்றினால் மட்டுமே பந்தின் போக்கு மாறும்.

இன்னொன்று: அடி விழும் நேரத்தில் எதையும் திருத்த முடியாது. கண்ணோ தோலோ உணர்ந்ததை மூளை புரிந்துகொண்டு தசைக்குக் கட்டளை அனுப்ப ஏறக்குறைய 150 முதல் 200 மில்லி நொடி ஆகும். ஸ்டிக் மேலிருந்து கீழே இறங்கி வரும் நேரமே கால் நொடிதான். கையில் அதிர்ச்சி தெரியும்போது பந்து ஏற்கெனவே பறந்துவிட்டிருக்கும். அதனால் தேர்ச்சிக்கான வேலையெல்லாம் அடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வலுவா, நடுவா?

புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாருக்கும் தூரம்தான் கனவு. ஆனால் ஒரே வேகத்தில் வீசினாலும், பந்து முகத்தின் நடுவில் பட்டால் கிடைக்கும் வேகம் ஓரத்தில் பட்டால் கிடைக்காது. நடுவில் பட்ட பந்து ஸ்டிக் தலையின் வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்கிறது. பந்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி அந்தத் திருகலில் வீணாகிறது. திசையும் கெடுகிறது. இதைச் சரிசெய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டினால், பந்து தவறான திசையில் இன்னும் தொலைவுக்குப் போகும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்டிக்கின் முகத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும். பத்து அடியில் எத்தனை தடம் நடுவில் விழுகிறது, எத்தனை முனைப்பக்கம், எத்தனை கைப்பிடிப் பக்கம் என்று எண்ணிக் குறித்துவையுங்கள். தடங்கள் ஒரே பக்கமாகக் குவிந்தால் நிற்கும் தூரத்தைச் சற்றே மாற்றினால் போதும். சிதறிக் கிடந்தால் வேகத்தைக் குறைத்துப் பழக வேண்டும். ஊருக்குள் உண்மையான பந்தை வீசி அடிப்பது ஆபத்து. துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையோ, பழைய காலுறையைச் சுருட்டிக் கட்டியதையோ வைத்துக்கொள்ளுங்கள்.

திசையைத் தீர்மானிப்பது முகம்

பச்சைப் புல்லை ஒட்ட வெட்டிய ‘கிரீன்’ மேல் பந்தை உருட்டிக் குழியில் போடுவதுதான் பட்டிங். இதற்குத் தோள் வலு வேண்டாம், பெரிய இடமும் வேண்டாம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891-இலிருந்து அதுதான் அளவு. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து உருட்டினால், குழியின் நடுவுக்கு இருபுறமும் ஒரு டிகிரி அளவுதான் பிழைக்கு இடம் உண்டு.

உருட்டும் ஸ்டிக்கான ‘பட்டர்’ நேர்க்கோட்டில் போகிறதா, வளைவில் போகிறதா என்பது குறித்துப் பயிற்சியாளர்கள் பல ஆண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். நார்வே நாட்டு ஆய்வாளர் கார்ல்சனும் அவரது குழுவும் சிறந்த ஆட்டக்காரர்களை அளந்து 2008-இல் வெளியிட்ட முடிவு அந்த வாதத்துக்குப் பெரிதாக இடம் வைக்கவில்லை. பந்தின் திசையில் ஏற்படும் மாறுபாட்டில் 80 விழுக்காட்டுக்கு முகத்தின் கோணம் காரணம். பாதைக்கு 17 விழுக்காடு. பந்து பட்ட இடத்துக்கு 3 விழுக்காடு. பறக்கும் அடிகளிலும் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகமே தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு பந்தைச் சாய்வாகச் சுழலவிட்டு வானில் வளைக்கிறது.

எனவே வீட்டுப் பயிற்சியின் முதல் பாடம் இது. பந்துக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளி இரண்டு தீப்பெட்டிகளை, பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் நிறுத்துங்கள். அந்த வாசலைத் தொடாமல் பந்து போனால் முகம் சரியாக இருந்தது. தொட்டால், எந்தப் பக்கத்துப் பெட்டி விழுந்தது என்பதே பிழையைச் சொல்லிவிடும்.

மெதுவாக வரும் பந்துக்குக் குழி பெரிது

குழியின் விளிம்பைத் தாண்டும் பந்து உடனே விழுவதில்லை; புவியீர்ப்பு அதை இழுக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். எதிர்விளிம்பைத் தொடுவதற்குள் பந்து தன் ஆரத்தின் அளவு, அதாவது 2.13 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு 66 மில்லி நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் பந்து கடக்க முடிந்த தூரம் 8.7 சென்டிமீட்டர். வகுத்தால் நொடிக்கு 1.3 மீட்டர் வருகிறது. எதிர்விளிம்பில் மோதித் துள்ளி உள்ளே விழுவதையும் சேர்த்தால் உச்சவேகம் நொடிக்கு 1.63 மீட்டர் என்று அமெரிக்க இயற்பியலர் ஹோம்ஸ் 1991-இல் கணக்கிட்டார்.

இந்த வேகமெல்லாம் பந்து குழியின் நட்ட நடுவில் வரும்போது மட்டுமே செல்லும். ஓரமாக வந்தால் அது கடக்கும் இடைவெளி குறுகிவிடும். அனுமதிக்கப்பட்ட வேகமும் குறையும். வேகமாக வரும் பந்துக்குக் குழியின் நடுப்பகுதி மட்டுமே குழி. மெதுவாக வரும் பந்துக்கு முழு அகலமும் குழி. அதற்காக மிக மெதுவாக உருட்டினால் பந்து குழிக்கு முன்பே நின்றுவிடும். அமெரிக்கப் பயிற்சியாளர் டேவ் பெல்ஸ், நாசாவில் ஆய்வாளராக இருந்தவர், இதை அளந்து பார்த்து ஒரு நடுவழி சொன்னார்: குழி இல்லாவிட்டால் பந்து 17 அங்குலம் தாண்டிப் போய் நிற்கும் வேகமே நல்ல வேகம்.

தூரத்தைக் கணிப்பதில் எல்லாரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தூரம் வேண்டுமென்றால் வேகம் இரண்டு மடங்கு தேவையில்லை, 1.4 மடங்கு போதும். ஒரே தாளத்தில் பட்டரை ஆட்டுகிறீர்கள் என்றால், அதைப் பின்னால் இழுக்கும் அளவும் ஏறக்குறைய 1.4 மடங்குதான். தொடக்கநிலையில் இருப்பவர் தூரம் இரட்டிப்பானதும் இழுப்பையும் இரட்டிப்பாக்குகிறார். பந்து நான்கு மடங்கு போகிறது.

தரையின் வேகத்தை அளப்பது எப்படி?

எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர் 1935-இல் கிரீனின் வேகத்தை அளக்க ஒரு கருவி செய்தார். மூன்றடி நீளமுள்ள, நடுவில் பள்ளம் கொண்ட பட்டை, அவ்வளவுதான். பந்தை ஒரு வெட்டில் வைத்துப் பட்டையை மெல்லத் தூக்கினால், 20 டிகிரி சாய்வில் பந்து தானாக உருளத் தொடங்கும். தரையை அடையும்போது அதன் வேகம் எப்போதும் நொடிக்கு 1.83 மீட்டர். பிறகு எத்தனை அடி உருண்டது என்பதே அந்தக் கிரீனின் வேகம். பெரிய போட்டிகளில் இது 10 முதல் 12 அடி; சில நேரம் அதையும் தாண்டும்.

பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்தோ, பாதி மூங்கிலைக் கொண்டோ இதைச் செய்துவிடலாம். வீட்டுச் சிமென்ட் தரையில் பந்து எங்கோ ஓடிவிடும். ஜமுக்காளம், சணல் சாக்கு, தடித்த போர்வை என்று ஒவ்வொன்றாக விரித்து அளந்து பாருங்கள். பத்தடியில் நிற்கும் விரிப்பு உங்கள் கிரீன். பள்ளி ஆய்வகத்தில் உராய்வையும் முடுக்கத்தையும் கற்பிக்க இதைவிட மலிவான கருவி கிடைப்பது கடினம்.

மலைக்குப் போனால் பந்துக்கு என்ன ஆகும்?

கோல்ஃப் பந்தின் மேலுள்ள 300-க்கும் மேற்பட்ட குழிவுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் குட்டா பெர்ச்சா மரப்பாலில் செய்த வழவழப்பான புதுப் பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து தொலைவாகப் போவதை ஆட்டக்காரர்களே கவனித்தார்கள். குழிவுகள் காற்றைப் பந்தின் பின்புறம் வரை ஒட்டவைத்துப் பின்னிழுப்பைக் குறைக்கின்றன. பின்னோக்கிச் சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ளி, தான் மேலே எழும்புகிறது. எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியலர் பி.ஜி. டெய்ட் 1890-களில் இந்தச் சுழற்சியின் பங்கை ஆராய்ந்தார். அவர் மகன் ஃபிரெடி டெய்ட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர்.

காற்று மெலிந்தால் பின்னிழுப்பு குறையும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டது. 3,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 8 விழுக்காடு குறைவு. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 20 விழுக்காடு குறைவு. ஆயிரம் அடிக்கு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தூரம் கூடும் என்பது பந்து தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அதன்படி சமவெளியில் 200 மீட்டர் போகும் அடி கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஆறேழு மீட்டர் கூடுதலாகப் போகும். ஊட்டியில் 17 மீட்டர். மேலே எழுப்பும் விசையும் குறைவதால் தூரம் அடர்த்தியின் அளவுக்குக் கூடுவதில்லை.

இதில் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. வெயிலும் காற்றை மெலியவைக்கும். 20 டிகிரி மார்கழிக் காலைக்கும் 40 டிகிரி கத்திரி வெயிலுக்கும் இடையே காற்றின் அடர்த்தி 6 விழுக்காடு குறைகிறது. அடிவாரத்துக் கோமுகி அணைப் பக்கத்திலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறினால் கிடைக்கும் மாற்றத்துக்கு இது ஏறக்குறைய சமம். மலை ஏறாமலே மே மாதத்தில் பந்து தொலைவாகப் போகும். ஆனால் ஆடுகிறவர் தாங்க வேண்டுமே!

மலை தரும் பெரிய பாடம் காற்றைவிடச் சரிவில் இருக்கிறது. மேட்டை நோக்கி 10 டிகிரிச் சரிவில் நின்று அடித்தால் ஸ்டிக்கின் சாய்வோடு அந்த 10 டிகிரியும் சேர்ந்துகொள்ளும். பந்து உயரமாகப் போய்க் குறைந்த தூரத்தில் விழும். பள்ளத்தை நோக்கி அடித்தால் தாழ்வாகப் பறக்கும். பந்து பாதத்தைவிட மேட்டில் கிடந்தால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும். பள்ளத்தில் கிடந்தால் வலப்பக்கம். சாய்வு அதிகமான ஸ்டிக்கில் இந்த இழுப்பும் அதிகம். சமதளத்தில் மட்டுமே பழகியவர் இதில் தடுமாறுவார். சரிவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த மலைப்பிள்ளைகளுக்கு உடம்பே பாதி கணக்கைப் போட்டுவிடும்.

கில்லி கற்றுத்தந்தது

ரஷ்ய உடலியலர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வோர் அடியிலும் வேறுவேறு விதமாக நகர்ந்தன. சுத்தியல் விழுந்த இடம் மட்டும் மாறவில்லை. தேர்ச்சி என்பது ஒரே அசைவை அச்செடுப்பது அல்ல. அசைவு மாறினாலும் முடிவு மாறாமல் பார்த்துக்கொள்வது. நம் தெருக்களில் ஆடும் கில்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கில்லி ஒவ்வொரு முறையும் வேறு உயரத்துக்கு எம்பும், வேறு மாதிரி சுழலும். அடிக்கிற பிள்ளை தன் முழங்கையைப் பற்றி யோசிப்பதில்லை. கில்லியை மட்டும் பார்க்கிறது.

ஜெர்மனியில் பிறந்த ஆய்வாளர் காப்ரியேல் வுல்ஃப் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதையே கோல்ஃபில் உறுதிசெய்தது. கையின் வீச்சைக் கவனிக்கச் சொன்னவர்களைவிட, ஸ்டிக்கின் வீச்சைக் கவனிக்கச் சொன்ன புதியவர்கள் குறியை நெருங்கி அடித்தார்கள். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் கண்டது இன்னொன்று: பட்டிங்கில் தேர்ந்தவர்களின் கண் குறைவாகத் தாவுகிறது, பந்தின் மேல் நீண்ட நேரம் நிலைக்கிறது.

பயிற்சியின் வரிசையும் முக்கியம். ஒரே தூரத்தில் ஐம்பது பந்து உருட்டினால் கை விரைவில் பழகியதுபோல் தோன்றும். ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் சோதித்தபோது, பணிகளைக் கலைத்துப்போட்டுப் பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். பின்னர் நினைவிலிருந்து செய்யச் சொன்னபோது முந்தினார்கள். ஒவ்வொரு பந்துக்கும் தூரத்தை மாற்றுங்கள். பிழை அதிகமாகத் தெரியும். கற்றலும் அதிகமாக நடக்கும்.

எங்கே இழக்கிறோம்?

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளின் பதிவுகளை ஆராய்ந்தார். உலகின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்தில் பாதி பந்துகளைத்தான் குழியில் போடுகிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. எட்டடியில் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் புதியவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நல்லவருக்கும் சுமாரானவருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது என்பதும் அவர் கண்டது. பட்டிங் மட்டும் போதும் என்று யாரும் நினைக்கக்கூடாது.

ஆனால் சராசரி ஒன்று, தனி ஆள் வேறு. பெங்களூருவின் அதிதி அசோக் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரத்தில் கடைசி வரிசையில் இருந்தவர், பட்டிங்கில் முன்வரிசை. வெண்கலத்தை ஒரே ஓர் அடியில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். தன் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று தெரிந்து ஆடியதால் வந்த இடம் அது. வசதியான வீட்டில் பிறக்காதவர்களும் இங்கே வென்றிருக்கிறார்கள். டெல்லி மைதானத்தில் பிறருடைய ஸ்டிக்குகளைச் சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூருவில் அதே வேலை பார்த்த சி. முனியப்பா 2009-இல் அந்தப் பட்டத்தை வென்றார்.

ஆகவே கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு தொடங்க நினைப்பவர் முதலில் முழு செட் ஸ்டிக் வாங்க வேண்டாம். விதி 14 ஸ்டிக் வரை அனுமதிக்கிறது என்பதற்காக 14-உம் தேவையில்லை. பழைய பட்டர் ஒன்று, இரண்டு பந்து, ஒரு நோட்டு போதும். முதலில் முகத்தின் திசை, பிறகு உருளும் வேகம், அதன்பின் நடுவில் படுதல், எல்லாவற்றுக்கும் பிறகு வீச்சின் வலு. இந்த வரிசையில் பழகுங்கள். ஒவ்வொரு நாளும் எந்தப் பிழை எத்தனை முறை வந்தது என்று எழுதுங்கள். மைதானத்துக்குப் போகும் வாய்ப்பு என்றைக்குக் கிடைத்தாலும் அன்றைக்கு நீங்கள் முதல் படியில் நிற்க மாட்டீர்கள்.